காருக்குப் பிணை நின்றவர்

அம்புலன்ஸில் வந்த பெண் என் கணவருடைய மருந்துகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். நான் மருந்துகளை விட்டுவிட்டுப் பத்திரங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல் குண்டு விழத் தொடங்கினால் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான். பிறப்புச் சாட்சி, கலியாண எழுத்து, காணி உறுதி எல்லாம் அதற்குள் இருக்கும். லண்டனுக்கு வந்த பிறகும் அது எங்கள் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. டூட்டிங்கில் யார் ஷெல் அடிக்கப்போகிறார்கள் என்று ஒருவரையொருவர் கேலி செய்வோம். ஆனால் இருவருமே அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு கதிரைக்குக் கீழே பையை வைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு டொக்டர் வந்து, அவர் போய்விட்டார் என்று சொன்னார். அதன்பிறகு பை என்ன ஆனதென்று எனக்கு நினைவில்லை. பின்னர் போய்க் கேட்டபோது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அலைந்து திரிந்து மற்றப் பத்திரங்களுக்கெல்லாம் மறுபிரதி எடுத்துவிட்டேன். மிஞ்சியது லொக்புக், காரின் பதிவுப் புத்தகம். அது ஒரு பழைய நீலக் கார். ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து எங்கள் ஆள் ஒருவர் வாங்கி, உடனேயே என் கணவருக்கு விற்றிருந்தார். லொக்புக்கில் கடைசி வரைக்கும் அந்தக் கிழவரின் பெயர்தான். பெயரை மாற்ற வேண்டுமென்றால் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு பத்திரத்தைக் கையை விட்டு அனுப்புவதா? என் கணவர் மாட்டவே மாட்டார். வருடா வருடம் புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தபாலகத்தில் காட்டி, ரோட் டாக்ஸ் கட்டிவிட்டு, திரும்பவும் பைக்குள் வைப்பார். கிழவரோ எப்போதோ காலமாகியிருந்தார்.

எனக்கு அந்தக் கார் வேண்டும். நகருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு அதிகாலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அதுவரை என் கணவர்தான் கொண்டுபோய் விடுவார். என்னிடமும் லைசன்ஸ் இருந்தது. பழக்கியவர் இவர்தான், தொண்டை கிழியக் கத்திக் கத்திப் பழக்கினார். ரோட் டாக்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. லொக்புக் இல்லாமல் புதுப்பிக்க ஏலாது. புதுப்பிக்காவிட்டால் கார் தெருவில் நிற்க முடியாது, எனக்கு வேலையும் இல்லை.

வழி சொன்னவர் ஒரு சொலிசிட்டர். கார் என் கணவருடையது என்று நான் சத்தியக் கடதாசி எழுத வேண்டும். கூடவே ஒரு பிணைப்பத்திரம். நாளைக்கு வேறு யாராவது கார் தங்களுடையது என்று வந்தால் நட்டத்தை ஈடுசெய்வதாக, இங்கே சொந்த வீடுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். அவருக்குக் காரைப் பற்றி நேரடியாகத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதுவா கஷ்டம்? ஹீத்ரோவில் வந்து இறங்கிய எத்தனை பேரை அந்தக் கார் ஏற்றி வந்திருக்கும்! எத்தனை பேருடைய வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியிருக்கும்!

முதலில் இல்ஃபோர்டுக்குப் போனேன். நாட்டை விட்டு வந்த புதிதில் எங்கள் வரவேற்பறையில் மாதக்கணக்கில் படுத்திருந்தவரின் வீடு அது. அவர் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, வேற என்ன உதவியெண்டாலும் கேளும். கையெழுத்து எண்டால் மட்டும் எனக்குப் பயம்."

அவர் மனைவி தேத்தண்ணி தந்து, போகும்போது புட்டும் கட்டித் தந்தாள். புட்டுக்குப் பயமில்லை.

இன்னொருவருக்கு போன் எடுத்தேன். அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று மனைவி சொன்னாள். அவள் சொல்லும்போதே பின்னால் அவருடைய இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியாதா? எங்கள் காரின் பின்சீட்டில் இருந்து எத்தனை முறை இருமியிருப்பார். போனை வைத்தேன்.

அவர்களை நான் இப்போது குறை சொல்லவில்லை. அப்போது வாய் நிறையச் சொன்னேன், சுவருக்கு. கேட்பதற்கு வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததோடு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளையும் இல்லை. பின்னேரங்களில் நான் கீழே இறங்கிப் போய்க் காருக்குள் இருப்பேன். ஓட்டும் சீட்டில் அல்ல, என் வழக்கமான இடதுபக்கத்துச் சீட்டில். தெருவால் போகிறவர்கள், ஓட்டுபவர் கடைக்குள் போயிருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்த பிறகு மேலே ஏறி வருவேன். என் வாழ்நாளில் அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். எங்களுக்குக் காரை விற்ற, மோர்டனில் வீடுள்ள மோர்டன்காரர்.

ஒரு காலத்தில் அவரும் என் கணவரும் ஒரே அறையில் இருந்து ஒரே பெற்றோல் செட்டில் வேலை செய்தவர்கள். காரை வாங்கி இரண்டாம் கிழமை, ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் கியர் பெட்டி உடைந்தது. இவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தள்ளினார். நான் கூறைச்சேலையோடு பின்னால் நடந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. அங்கே எல்லோர் முன்னாலும் இவர் மோர்டன்காரரைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. "கார் ஓடத் தெரியாதவனுக்கு வித்தது என்ர பிழைதான்" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு கதைபேச்சு இல்லை. கோயிலில் ஒருவரைக் கண்டால் மற்றவர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கும்பிடுவார்.

திருத்திய பிறகு கார் நன்றாகத்தான் ஓடியது. குளிருக்கு மட்டும் ஸ்டார்ட் வராது. இவர் மோர்டன்காரரைப் பெயர் சொல்லித் திட்டுவார். திட்டி முடிய ஸ்டார்ட் வரும்.

தகனத்தன்று மோர்டன்காரர் மண்டபத்துக்குள் வரவில்லை. வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் தனியாக நின்றதை நான் கண்டேன். அப்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகும் என்ன ரோசம்?

இப்போது அந்த ரோசத்தை நான் விழுங்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவரின் தலை முழுக்க நரைத்திருந்தது. மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய்விட்டதாகச் சொன்னார்.

"உள்ளுக்கு வாரும்."

"இருக்க வரேல்லை, அண்ணை. ஒரு கையெழுத்துக் கேட்க வந்தனான். காருக்கு."

"எந்தக் கார்?"

"நீங்கள் வித்த கார்."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அது இன்னும் ஓடுதோ?"

பை தொலைந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. நாளைக்கு ஆராவது கார் தங்கட எண்டு வந்தால் நீங்கள்தான் பொறுப்பு."

"அந்தக் காரைத் தங்கட எண்டு சொல்ல ஆர் வரப்போறாங்கள்?" என்றார். "எங்கை கையெழுத்து வைக்க வேணும்?"

அடுத்த நாள் சொலிசிட்டரின் அறைக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். கார் இறந்தவருடையது என்பது எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று சொலிசிட்டர் கேட்டார். மோர்டன்காரர் நிமிர்ந்து இருந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "காரை நான்தான் விற்றேன். அன்றிலிருந்து அது மோசமான கார் என்று லண்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். அடுத்தவனுடைய காருக்காக எவனாவது அவ்வளவு திட்டுவானா?" அந்தச் சொலிசிட்டர் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

கையெழுத்தை வைத்துவிட்டு வெளியே வந்தோம். நடைபாதையில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசிக் காலத்திலை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஓம் அண்ணை. திட்டினவர். வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்குக் காலமையும் ஸ்டார்ட் வரேல்லை. உங்களைத்தான் திட்டினவர்."

"அண்டைக்கும் திட்டினவரோ?"

"அண்டைக்கும்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. "அப்ப அவன் என்னை மறக்கேல்லை," என்றார். டையின் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு டூட்டிங் புரோட்வே ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

பிணைப்பத்திரத்தைக் காட்டியதும் ரோட் டாக்ஸ் கிடைத்தது. சில கிழமைகளில் என் பெயரில் லொக்புக்கும் வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு புதுப் பையைத் தொங்கவிட்டு அதை உள்ளே வைத்தேன். வேறென்ன செய்வேன்? வேலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்துச் சீட்டில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். கத்துவதற்கு ஆள் இல்லாமல் கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

உறைபனி விழுந்த ஒரு காலை கார் ஸ்டார்ட் வரவில்லை. கை விறைத்துப்போயிற்று, ஷிப்டுக்கும் நேரமாகியது. மேலே ஓடிப்போய் மோர்டன்காரருக்கு போன் எடுத்தேன். உங்களுக்கு மனச்சாட்சி இருக்கிறதா, இதை ஒரு காரென்று விற்றீர்களா என்று, என் கணவர் சொல்லிக் கேட்ட அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிணை நின்ற மனிதரை அப்படிப் பேசுகிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் வரவில்லை. போனை வைத்துவிட்டாரோ என்று மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"சொல்லும் தங்கச்சி," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டும்."