டயர் இழுத்த மண் சாலை

விதி தெளிவானது. நுழைவு அட்டையில் குறித்த தேதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர், பதில் வரும்வரை அமெரிக்காவில் தங்கலாம். எங்கள் அட்டைகளில் இருந்த தேதி 2004 செப்டம்பர் 28. ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிட்டேன். மனுதாரர் நான், என் மனைவி கதீஜா அதில் இணைப்பு. டிசம்பரில் மகள் நிலோபருக்குத் தலைப்பிரசவம். அதற்குத் தேவை இணைப்புதான். மனுதாரரால் ஒரு பயனும் இல்லை.

அக்டோபர் 7, வியாழன். காலை ஆறு மணிக்கு, மகள் வீடு இருக்கும் இர்விங்கிலிருந்து மருமகன் ரியாஸின் காரில் புறப்பட்டோம். கிராமச் சாலைகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஆம்புலன்ஸ்காரர்கள் வழி தெரியாமல் திணறக் கூடாது என்பதற்காக அந்த வரைபடம். மெக்சிகோ எல்லையை ஒட்டிய கவுண்ட்டி ஒன்றில், நம் தாலுகா மாதிரி, சில சாலைகள் பாக்கி இருந்தன. நெடுஞ்சாலைத் துறையில் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அழைக்காமலே உடன் போனேன். சான் அன்டோனியோ வரை 280 மைல். பெட்ரோல் காலன் 1 டாலர் 89 சென்ட். இரவு எல்லையோர ஊரான ஈகிள் பாஸில் தங்கினோம். அறை 46 டாலர்.

அக்டோபர் 8, வெள்ளி. இங்கே சாலைகளுக்கும் சாதி உண்டு. மாநிலம் போட்ட பண்ணைச் சாலைக்குத் தாரும் எண்ணும் இருக்கின்றன. கவுண்ட்டி சாலைக்குச் சரளை. அதற்கும் கீழே பண்ணைக்காரரின் மண் பாதை. மாடு தாண்டாதிருக்கக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள், கார் ஏறும்போது பல் ஆடும். இரு பக்கமும் மெஸ்கீட் மரங்கள், நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்புகள். பத்து மைலுக்கு ஒரு வீடு.

பத்தே முக்கால் மணிக்கு ரியாஸ் காரை ஓரமாக நிறுத்தி மடிக்கணினியைச் சரிபார்க்கத் தொடங்கினார். குறுக்கே ஒரு மண் சாலை போயிற்று. அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ஒரு சக்கரத் தடம் இல்லை, ஒரு சருகு இல்லை. விபூதியைப் பரப்பியது போல அத்தனை மென்மை. ஆளே இல்லாத இடத்தில் இப்படி ஒரு பராமரிப்பா என்று வியந்து இறங்கினேன். குறுக்கே நடந்து அகலம் பார்த்தேன். ஓரத்தை மிதித்துப் பார்த்தேன். நடுவில் குனிந்து தண்ணீர் வடிய வாட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இருபது நிமிடத்தில் பச்சைப் பட்டை போட்ட வெள்ளை ஜீப் ஒன்று வந்தது. ஓட்டி வந்த எல்லைக் காவலர் எங்களைப் பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டித் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் காலடி கிடந்த இடத்தில் நின்றார்.

பிறகுதான் தெரிந்தது. பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டி இழுத்து அந்த மண்ணைச் சமன் செய்வது அவர்கள்தான். எல்லை தாண்டி யார் நடந்தாலும் தடம் பதியும். நான் பராமரிப்பு என்று நினைத்தது பொறி.

முதலில் ஸ்பானிஷில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டு, என் பாஸ்போர்ட்டை வாங்கினார். அட்டையில் தேதி முடிந்து பத்து நாள். என் பெயரை வயர்லெஸ்ஸில் எழுத்து எழுத்தாக இரண்டு முறை சொன்னார். முகமதில் தொடங்கும் பெயர். அந்த ஆண்டுகளில் அதைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு நேரம் பிடித்தது.

ரியாஸ் குரலைத் தாழ்த்தினார். "மாமா, ப்ளீஸ். ரூல் எதுவும் எடுத்து விடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் ஆன்சர் பண்ணுங்க."

எடுத்து விட்டேன். விண்ணப்பம் பெற்றதற்கான ரசீதின் நகலையும் நீட்டினேன். ரசீது வேறு, அனுமதி வேறு என்றார் காவலர். முப்பது ஆண்டுகளாக மனுதாரர்களிடம் நான் சொன்ன வாக்கியம் அது. ஆங்கிலத்தில் கேட்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

ஜீப்பில் உட்காரச் சொன்னார். பின்கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி கிடையாது. நிலையத்துக்குக் கொண்டுபோய் வழக்குப் பதிந்தால் மனு போச்சு. மனு போனால் இணைப்பும் போச்சு. இர்விங்கில் ஏழாம் மாதத்தில் ஒரு பெண், தன் தாய் பக்கத்தில் இருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

எதற்காக அப்படி நடந்தேன் என்று கேட்டார். அகலம் பார்த்தேன் என்றேன். எவ்வளவு என்றார். பதினெட்டு அடி இருக்கலாம், வாட்டம் போதாது, மழையில் தண்ணீர் நடுவிலேயே நிற்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய் என் தடத்தின் பக்கத்திலேயே நடந்து பார்த்துவிட்டு வந்தார். எங்கள் கோட்டத்தில் விடிந்த அரை மணியில் ஊரே ஒரு சாலையில் நடந்துவிடும். எது யார் கால் என்று எந்த அரசாங்கத்தாலும் சொல்ல முடியாது.

பன்னிரண்டரைக்கு வயர்லெஸ் பேசியது. மனு நிலுவையில் இருப்பதாகக் கணினி சொல்கிறதாம். கதவைத் திறந்துவிட்டார். நேராக இர்விங் போக வேண்டும். பதில் 'இல்லை' என்று வந்தால் அடுத்த விமானம்.

ஐம்பது மைல் தாண்டி ரியாஸ் பெட்ரோல் போட நிறுத்தினார். பிறகு, "மாமிகிட்ட சொல்லுங்க. நிலோகிட்ட வேணாம், பிபி ஏறிரும்," என்றார்.

இரவு வந்து சேர்ந்தபோது மகளும் பக்கத்தில் இருந்ததால் மறுநாள் காலையில் சமையலறையில் சொன்னேன். கதீஜா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. அங்க போயும் ரோட்ட அளந்தீங்களாக்கும். சம்பளம் யாரு குடுத்தா?"

அன்று மதியமே பிரசவ மருந்துக்கான சாமான்களை எடுத்து வறுக்கத் தொடங்கினாள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஏன் இப்போதே என்று மகள் கேட்டதற்கு, செய்து வைத்தால் கெடாது என்றாள். எந்த வேளைக்கு எவ்வளவு என்று ரியாஸை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 11, சனிக்கிழமை, பெண் குழந்தை. முதல் ஆளாகக் கையில் வாங்கியது கதீஜா. எங்கள் இருவருக்கும் மார்ச் வரை நீட்டிப்பு தரும் பதில் டிசம்பர் 13, திங்கட்கிழமை வந்தது.