முந்திக்கொண்டு கொடுத்த ஸ்தோத்திரச் சீட்டு

சபையாரே, என் சாட்சியை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விரோதமாயிருந்த ஒரு மனிதனின் மனதைக் கர்த்தர் இளக்கினார், அதனால் நான் டாக்டரானேன் என்று சொல்வேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொல்வீர்கள். அந்தச் சாட்சி பொய். நடந்ததை நடந்தபடி இன்று எழுதுகிறேன்.

முதல் மகாயுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். அல்சூரில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயா. நான் சென்னைக்குப் போய் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அதற்கு முதலில் இங்கே கல்லூரியில் இண்டர்மீடியட் தேற வேண்டும். அதில் ரசாயனம் கட்டாயம்.

ரசாயனத்தில் செய்முறைப் பரீட்சை உண்டு. பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அமிலத்தில் கரைத்து, ஒரு வாயுவைச் செலுத்தி, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாயு அழுகிய முட்டை போல நாறும். வருஷம் முழுக்க நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து என் நோட்டை நிரப்பினேன். எங்கள் ஆசிரியர் சேஷகிரி ராவ் ஒருநாள் என் அருகில் வந்து நின்றார்.

"ஏனப்பா, இந்த நாத்தத்துக்கே மூக்கை மூடறே. நாளைக்கு சீழ் புடிச்ச காலை யார் கழுவுவா, உன் கைக்குட்டையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் அவரை வெறுத்தேன்.

பரீட்சையில் எனக்கு வெள்ளை உப்பு ஒன்று வந்தது. ஒரு சோதனையும் முழுதாகச் செய்யாமல், துத்தநாகம் என்று ஊகித்து எழுதிவிட்டு வெளியே வந்தேன். வந்தவன் செய்த அடுத்த காரியம்தான் அருவருப்பானது. முடிவு வருவதற்கு முன்பே, என்னைத் தேறச் செய்ததற்காக என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி, ஆராதனையில் வாசிக்கும்படி ஸ்தோத்திரச் சீட்டு எழுதி, காணிக்கையோடு சபை மூப்பரிடம் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டதா என்று அவர் கேட்டார். விசுவாசத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் மெச்சிக்கொண்டார். அது விசுவாசமல்ல. சபைக்கு முன்னால் ஆண்டவரை மடக்கிவிடலாம் என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்தச் சீட்டைப் பீடத்திலிருந்து வாசித்தார். அம்மா இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவர்கள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அந்த வாரமே முடிவு வந்தது. கல்லூரிப் பலகையில் என் எண் இல்லை.

நான் சபைக்குப் பொய்யனாகிவிட்டேன். அம்மாவுக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மூப்பர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ராவ் நம்ம ஆளுங்களத் தேற விடமாட்டாரு ஐயா. கிறிஸ்தவன்னாலே அவருக்கு ஆகாது."

ராவ் ஒரு நாளும் என் மதத்தைக் கேட்டவரல்ல. ஆனால் சபையார் நம்பினார்கள். நம்புவதற்குத் தயாராகவே இருந்தார்கள். மூப்பர்கள் கூடி, ராவின்மேல் புகார் சொல்லிக் கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினார்கள். அதனால் அந்த வருஷம் ராவுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

இதற்குள் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. தோற்றவன் செய்முறை வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். செய்தான் என்று ஆசிரியர் கையெழுத்திட்டால்தான் மறுவருஷம் பரீட்சை. கையெழுத்திட வேண்டியவர் அதே ராவ். நான் முழங்காலில் நின்று, அந்த மனிதனை அங்கிருந்து அகற்றும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். பக்கத்தில் அம்மாவும் ஜெபித்தார்கள். அவர்கள் கேட்டது வேறு.

"ஆண்டவரே, என் புள்ளையோட மூக்கைச் சரி பண்ணும். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா விளையாடவில்லை. தினமும் ஆஸ்பத்திரியில் மலமும் இரத்தமும் துடைக்கிறவர்கள். என் குறை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ராவிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"உங்க சர்ச்சுலேருந்து லெட்டர் வந்தது, தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை வா. கைக்குட்டையை வீட்டுல வெச்சுட்டு வா."

முதல் சனிக்கிழமை முற்றத்துக்கு ஓடி வாந்தியெடுத்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முடிந்ததா, வா, ஆரம்பி என்றார். அவ்வளவுதான். விடுமுறை நாளை எனக்காக விட்டுக்கொடுத்து, மாதக்கணக்கில் அதே நாற்றத்தில் என்னோடு நின்றார். மனுவைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அந்த வாயு எனக்கு வெறும் வாயுவாகிவிட்டது. அவர் கையெழுத்திட்டார். நான் தேறினேன்.

அம்மாவின் ஜெபத்துக்குப் பதில் வந்தது. நானோ அதை என் ஜெபத்துக்கு வந்த பதிலாக்கிக்கொண்டேன். விரோதியின் மனதை இளக்கினதற்காக என்று இன்னொரு சீட்டு எழுதினேன். அதுவும் வாசிக்கப்பட்டது.

நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது ராவ் இறந்துபோனார் என்று நண்பனிடமிருந்து கார்டு வந்தது. அப்போது என் மனதில் முதலில் எழுந்தது துக்கமல்ல, நிம்மதி. இனி என்னைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை என்ற நிம்மதி. எத்தனையோ அழுகிய புண்களைக் கழுவியிருக்கிறேன். அந்த நிம்மதியைப் போல நாறியது ஒன்றுமில்லை.

இரண்டாம் யுத்தமும் முடிந்தது. எனக்குத் தலை நரைத்துவிட்டது. சென்ற மாதம் மர்பி டவுன் ரோசம்மா வந்தாள். அவள் மகனும் இண்டர்மீடியட்டில் தோற்றுவிட்டான்.

"அவங்க எங்க, டாக்டரய்யா, நம்ம பசங்களத் தேற விடுவாங்க? நீங்களே சாட்சி சொன்னீங்களே."

என் பொய் அவள் வாயில் இன்னும் உயிரோடு இருந்தது. அவள் போனபிறகு அந்த அழுகிய முட்டை நாற்றம் எனக்கு அடித்தது. அது என்னுடைய நாற்றம். அன்று அம்மாவின் ஜெபத்தையே நான் ஜெபித்தேன். இதைவிட்டு ஓடாமல் நிற்கப் பெலன் தாரும் என்று கேட்டேன். ஆண்டவர் தந்தார். மறுநாள் மல்லேஸ்வரத்தில் ராவின் மகன் வீட்டைத் தேடிப்போய், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.



"அப்பா வீட்டுல சொன்னதே இல்ல. அந்தப் பதவி ஏன் போச்சுன்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க," என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆகணும்? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க," என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பதில். ரோசம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

சபையாரே, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். நாம் வெறுக்கிற மனிதன் கையில் பதிலைக் கொடுத்தனுப்பினாலும் அது அவருடைய பதில்தான். நம்பிப் பெற்றுக்கொள்ளுங்கள். யார் கொண்டுவந்தார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு ஒரு சீட்டு வாசிக்கும்படி போதகரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ரசாயனத்தில் நியாயமாகவே தோற்ற ஒருவன், தன் ஆசிரியர் சேஷகிரி ராவுக்காகச் செலுத்தும் ஸ்தோத்திரம்."