பால் பொங்காத அடுப்பும் என் மாமியாரும்

நேற்று செவ்வாப்பேட்டையில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம்!

வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பால் நல்லா பொங்குச்சா?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

முதலில் ஒரு உண்மை. நான் பாலை அடுப்பில் வைத்தால் அது பொங்கி வழியும்.

எனக்கு வேலை தேர்வாய் கண்டிகையில். விடியற்காலையில் கம்பெனி பஸ். பாலை வைத்துவிட்டுத் தலை பின்னப் போவேன், "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டு ஓடிவருவேன். அப்புறம் உட்கார்ந்து பர்னர் ஓட்டையை ஒவ்வொன்றாக ஊக்கால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். (என் வீட்டு ஊக்கெல்லாம் கறுப்பு. புடவைக்குக் குத்த ஒன்றுகூடத் தேறாது.)

அதனால் புது வீட்டுக்கு, மேடையில் பதிக்கிற ஹாப் அடுப்பு வாங்கலாம் என்று பேச்சு வந்ததுமே எனக்கு ஒரே ஆசைதான். இனிமேல் பர்னர் சுரண்டக் கூடாது.

போன வாரம் திருவள்ளூரில் ஒரு கடைக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், சோழவரத்திலிருந்து வந்திருந்த மாமியார்.

வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் நாலு பர்னர் வைத்த கறுப்புக் கண்ணாடி ஹாப்பின் முன்னால் போய் நின்றுவிட்டார். பார்க்க ரிச்சாக இருக்கிறதாம். (இவர் சமையலறைக்கு வருவதே தண்ணீர் குடிக்கத்தான்.)

அத்தை கட்டைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்த இட்லிக் குண்டானை எடுத்து ஒரு பர்னர் மேல் வைத்தார்.

பக்கத்துப் பர்னரில் பாதியைக் காணோம். மிச்ச இடத்தில் டீ வேண்டுமானால் போடலாம். வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனது.

அடுத்து சேல்ஸ்மேன் எங்களை இண்டக்‌ஷன் பக்கம் கூட்டிப் போனார். தீ கிடையாது, பர்னர் கிடையாது, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். அலுமினியப் பாத்திரம் மட்டும் ஆகாது, கரண்ட் போனால் உட்கார வேண்டியதுதான் என்றும் நேர்மையாகச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அதில் பாலுக்கென்றே தனியாக ஒரு பட்டன் இருந்தது!

அவரும் என் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"இதுல சென்சார் கீது மேடம். நீங்க மறந்துட்டா கூட தானா ஆஃப் ஆயிடும். உங்க புது ஊட்ல பால் பொங்கவே பொங்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தைக்கும் கலங்கியது. அது வேறு கலக்கம்.

"இன்னா நைனா, புது ஊட்டுக்குப் பால் காய்ச்ச அடுப்பு வாங்க வந்துகீறோம். பால் பொங்காதுன்னு வாயால சொல்ற?"

பாவம், அந்த மனிதருக்கு விஷயம் புரியவில்லை. பெரியம்மாவுக்குச் சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு சொட்டுகூடப் பொங்காது என்று சத்தியம் செய்தார். ரெண்டு வருஷம் வாரன்டி, கார்டில் எழுதியே தருகிறோம் என்றார்.

அத்தை குண்டானைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். விசேஷத்துக்குப் பழைய அடுப்பில் காய்ச்சிவிட்டு, தினப்படிக்கு இதை வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"மொத பால் எந்த அடுப்புல பொங்குதோ, அதான் கண்ணு அந்த ஊட்டு அடுப்பு."

தீர்ப்பு வந்தாகிவிட்டது. இடைவெளி நன்றாக விட்ட மூன்று பர்னர் கேஸ் ஹாப் வாங்கினோம். வீட்டுக்காரருக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. அத்தைக்குக் குண்டான் வைக்க இடம் கிடைத்தது. நான் வரும் வழியில் புதிதாக ஒரு அட்டை ஊக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்போது நேற்றைக்கு வருவோம்.

பூஜை முடிந்து பாலை ஏற்றியாகிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் அடுப்பைச் சுற்றி நிற்கிறது. ஆளுக்கொரு போன் வீடியோ எடுக்கிறது. பட்டுப்புடவையில் அத்தை முதல் வரிசை. பால் நுரைத்து ஏறி விளிம்புக்கு வந்தது.

டக்!

அத்தையின் கை பாய்ந்து போய்க் குமிழைத் திருப்பி அடுப்பை அணைத்துவிட்டது.

வந்த பால் அப்படியே கீழே இறங்கிவிட்டது.

"சென்சார் நல்லா வேலை செய்யுது," என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். (எல்லா வீடியோவிலும் பதிவாகியிருக்கிறது.)

அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்ணல. கை பண்ணிடுச்சி."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுப் பால் வீணாகாமல் காத்த கை. விசேஷம் என்று அதற்கு யார் சொல்வது? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மறுபடியும் பற்றவைத்தோம். இந்த முறை வீட்டுக்காரர் அவர் அம்மாவின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பால் பொங்கியது! நாலு பக்கமும் வழிந்து, கண்ணாடியெல்லாம் ஓடி, பர்னருக்குள்ளும் இறங்கியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். ஆக, பொங்கிவிட்டது மக்களே.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் நான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊக்கும் கையுமாக அடுப்பின் முன்னால் நின்றேன். முதல் நாளே ஆரம்பித்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது.

அத்தை வந்து பக்கத்தில் நின்றார். நான் ஓட்டை ஓட்டையாகக் குத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடைக்காரர் சொன்னாரே, தானா அணையிற அடுப்பு. சின்னதா ஒண்ணு கிடைக்குமா?"

நான் ஊக்கைக் கீழே வைத்துவிட்டு, அதில் பால் பொங்காதே அத்தை, பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அதான் ஒரு தபா பொங்கிடுச்சே. தெனம் இன்னாத்துக்குப் பொங்கிக்கினு?"

நாளைக்குத் திருவள்ளூர் போகிறோம். அத்தையும் வருகிறார். எங்களைப் பார்த்ததும் அந்த சேல்ஸ்மேன் ஷட்டரை இறக்காமல் இருக்க எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்!