ஆற்றில் விட்ட கொடி

ஈரத்துணியும் கற்பூரமும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் ஏறினால் போதும், அந்தக் கோபம் எனக்குள் மறுபடி பற்றிக்கொள்கிறது. போன வருடம் ஆடிப் பதினெட்டு. மேட்டூர், காவிரிப் படித்துறை.

எங்கள் குடியிருப்பு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலையடிவாரத்தில். அதன் வாசலில் குடியிருப்போர் சங்கம் உயரமான கம்பம் நட்டுத் தேசியக் கொடி ஏற்றியது. இராப்பகலாகப் பறக்கிற கொடி என்பதால், இருட்டினால் அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும். விளக்கும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த விளக்கின் முகத்தைத் திருப்பி, நன்கொடை தந்தவர்களின் பெயர்ப்பலகைமேல் அடிக்கவிட்டார்கள். பெயர்கள் ஜொலித்தன. கொடி மேலே கும்மிருட்டில் தனியாகப் படபடத்தது. மலைக்காற்று அதன் ஓரத்தை நார்நாராகக் கிழித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். "பாக்கலாங்க அக்கா" என்பார் சங்கத் தலைவர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர், திருச்செங்கோட்டுக்காரர், குரலையே உயர்த்தாத மனிதர். பார்க்கத்தான் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு எல்லோருமாக வேன் பிடித்து மேட்டூர் போனோம். குளித்தவர்கள் கழற்றிவிட்ட பழைய வேட்டியும் புடவையும் கரையோரம் ஊறி மிதந்தன. தலைவர் மஞ்சப்பையிலிருந்து எதையோ எடுத்தார். எங்கள் கொடி! பூத்தூவி, படியில் கற்பூரம் கொளுத்தி, அதைத் தண்ணீரில் விட்டார்.

"என்னங்க பண்றீங்க?" கத்தியேவிட்டேன்.

"சாமி படம் பழசானா ஆத்துல உடறதில்லீங்களா அக்கா? இதும் சாமிதானுங்க. சுதந்திர தினத்துக்குப் புதுசு வாங்கியாச்சு."

"எந்த ஊர்லங்க சாமிய இருட்டுல கட்டிப்போடுவாங்க? நாராக் கிழியற வரைக்கும் உட்டுப்போட்டு, இப்பக் கற்பூரமா?"

"மெதுவாப் பேசுங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்தார்.

பார்க்கட்டும்! கொடி ஆற்றோடு போகவில்லை. யாரோ விட்டுப்போன பாவாடையில் சுற்றிக்கொண்டு, படியிலேயே வந்து வந்து மோதியது. குளிக்க இறங்கிய ஒருவர் அதன்மேல் காலை ஊன்றப் போனார். கட்டிய புடவையோடு தண்ணீரில் இறங்கினேன். பாவாடையை உருவி எறிந்துவிட்டுக் கொடியை அள்ளிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அது என் மடியில் சொட்டிக்கொண்டே வந்தது.

பழுதான கொடியை, வேடிக்கையாக்காமல், தனியிடத்தில் முழுதாக எரித்துவிடுவதுதான் முறை. மறுநாள் உலர்த்தி, மடித்து, வீட்டுக்குப் பின்னால் தீ வைத்தேன். தகவல் தெரிந்து தலைவரும் வந்து நின்றார். பாலியஸ்டர் கொடி, பஞ்சைப்போலப் பற்றவில்லை, சுருண்டு சுருண்டு உருகியது. கடைசி ஓரம் அடங்கும்வரை நான் அசையவில்லை. அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகூப்பச் சொன்னால் ஓடிவருகிற நமக்கு, ஒரு விளக்கைச் சரியாகத் திருப்பிவைக்க மட்டும் கை வருவதில்லையே என்று இன்றும் வயிறு எரிகிறது. ஆற்றங்கரையில் அதைச் சாமி என்றவர், சாம்பல் ஆறும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"வாரேனுங்க அக்கா. ஒரு துணிக்குப் போயி இத்தனை கோவம் ஆகாதுங்க."