மூடிக்குள் விளக்குள்ள ஸ்கேனர்

விஜிலா தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு எழுத்து பிசகினாலும் கன்டெய்னர் அங்கேயே கிடக்கும். அதனால் எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் விடமாட்டாள். பிடித்தால் பிடித்ததுதான் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர்.

அவள் கணவர் செல்வின் போட்டோகிராபர். புன்னைக்காயலிலிருந்து மணப்பாடு வரை கடற்கரை ஊர்களில் அவர் எடுத்த கல்யாணங்கள் ஏராளம். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியபின் எதிரே நிற்பவர் முகம்கூட அவருக்கு நிழலாகத்தான் தெரிந்தது. ஸ்டூடியோவை மூடினார், கேமராக்களை விற்றார். நெகட்டிவ்கள் மட்டும் மாடி அறையில் பிஸ்கட் டின்களுக்குள் கிடந்தன. டின் மூடிகளில் ஊர்ப் பெயரும் வருஷமும் பெயின்டில் எழுதியிருக்கும்.

2023 டிசம்பர் மழையில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மாடி தப்பியது. வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையைத் தெருவில் போட்டு ஒருவழியாக மூச்சுவிட்ட சமயத்தில், புன்னைக்காயலிலிருந்து ஏஞ்சலின் என்ற பெண் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவள் கல்யாண ஆல்பம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாயம் கரைந்து, ஒரு முகமும் மிஞ்சவில்லை.

“அண்ணாச்சிதான் எங்க கல்யாணத்துக்குப் படம் எடுத்தாவ. தொண்ணூத்தேழுல. நெகட்டிவ் இருக்குமாக்கா?”

“உன் வீட்டுக்காரரு?”

“சரக்குத் தோணியில வேலைக்குப் போயிட்டிருந்தாவ. ரெனிஷுன்னு பேரு. மாலத்தீவு போயிட்டு வந்த மறுநாளு நெஞ்சு வலின்னு படுத்தாவ, எந்திரிக்கல. ரெண்டு வருஷமாச்சி. இப்ப ஆதார் கார்டு படம் ஒண்ணுதான் மிச்சம். அதுல இருக்கது அவுக மூஞ்சியே இல்லக்கா.”

செல்வின் உள்ளேயிருந்து, “அதெல்லாம் பூஞ்சை பிடிச்சிப் போயிருக்கும்மா. விட்டுத் தள்ளு” என்றார். விஜிலா மாடிக்குப் போனாள். புன்னைக்காயல் 97 டின்னில், சின்ன பிலிம்களுக்கு அடியில், ரெனிஷ், ஏஞ்சலின் என்று எழுதிய உறைக்குள் உள்ளங்கை அகல நெகட்டிவ் ஒன்று இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாதா கோயில் வாசலில் இரண்டு பேர். முகங்கள் கறுத்து, தலைமுடி வெளுத்து, எல்லாமே தலைகீழான நிறத்தில். ஆனாலும் ஒரு கீறல்கூட இல்லை.

“இருக்குடி. படமாக்கித் தாரேன்” என்று கீழே வந்து சொல்லிவிட்டாள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஊரில் பிலிம் கழுவிய லேப்களில் இப்போது மெமரி கார்டைத்தான் வாங்குகிறார்கள். சென்னைக்குத் தபாலில் அனுப்பினால் செய்து தருவார்களாம். இருக்கிற ஒரே நெகட்டிவைத் தபாலில் போட விஜிலாவுக்கு மனம் வரவில்லை. அதோடு, வெள்ளம் ஏஞ்சலின் வீட்டுக்குள் மட்டுமா போனது? இனியும் வருவார்கள். வீட்டிலேயே ஒரு ஸ்கேனர் வேண்டும்.

முதலில் அலுவலக ஸ்கேனரில் வைத்துப் பார்த்தாள். கறுப்புச் சதுரம்தான் வந்தது. காகிதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பும். பிலிமுக்கோ வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவ வேண்டும். அது புரிந்ததும், ஆன்லைனில் நெகட்டிவுக்கென்றே விற்ற சின்னப் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். கைக்கு அடக்கமாக, அழகாகத்தான் இருந்தது. சின்ன பிலிம் அதற்குள் சரியாகப் போனது. ஆனால் மணமக்களை நிற்கவைத்து எடுக்கும் முக்கியமான படங்களையெல்லாம் செல்வின் பெரிய பிலிமில்தான் எடுத்திருந்தார். அது அந்தப் பெட்டியின் வாய்க்குள் நுழையவே இல்லை. சின்ன பிலிமிலும் ஓரத்தில் நின்றவர்களை அது வெட்டித் தள்ளியது. கறுப்புக் கோட்டும் கறுப்பு முடியும் ஒரே மையாக அப்பிக்கொண்டன. மறுநாளே திருப்பி அனுப்பினாள்.

“நான்தான் அப்பமே சொன்னம்லா” என்றார் செல்வின்.

“நீங்க சொன்னது வேற. நான் வாங்கினது தப்பு, அவ்வளவுதான். சரியானது எங்கயாவது இருக்கும்.”

அதன்பின் அவசரப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள், வீடியோ பார்த்தாள். பிலிமுக்கென்றே செய்த நல்ல ஸ்கேனர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சின்ன பிலிமை மட்டுமே ஏற்கும். பெரிய பிலிமையும் ஏற்பவை அவள் நினைத்துப் பார்க்க முடியாத விலை. கேமராவை வைத்து நெகட்டிவைப் படம் பிடிக்கலாம். அதற்கு லென்ஸ், ஸ்டாண்ட், விளக்கு என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். மிச்சமிருந்தது ஒன்று: காகித ஸ்கேனர் போலத் தட்டையாக, ஆனால் மூடிக்குள்ளும் விளக்கு உள்ளது. சின்ன பிலிம், பெரிய பிலிம், ஸ்லைடு மூன்றுக்கும் ஆகும். அதுதான் என்று முடிவு செய்தாள்.

கடைகளில் அது இல்லை. ஒரு கடைக்காரர், பிரின்டரும் ஸ்கேனரும் சேர்ந்த மெஷினைத் தட்டிக் காட்டி, “இது எல்லாம் செய்யும்மா” என்றார்.

“மூடிக்குள்ள லைட் இருக்கா?”

“மூடில எதுக்கும்மா லைட்டு?”

“அப்ப வேண்டாம் அண்ணாச்சி.”

கடைசியில் மதுரையில் சத்தியராஜ் என்பவர், தான் பயன்படுத்திய அப்படிப்பட்ட ஸ்கேனரை விற்பதாக ஆன்லைனில் போட்டிருந்தார். டிசைன் வேலை செய்பவர். விஜிலா லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். ஏஞ்சலின் நெகட்டிவை எடுத்துப் போகவில்லை. போனால் போகட்டும் என்று தன் கல்யாண நெகட்டிவ் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“ஓட்டிப் பாத்துத்தான் வாங்குவேன் தம்பி.”

“தாராளமாப் பாருங்கக்கா. ஆனா பெரிய பிலிமை மாட்டுற சட்டம் தொலைஞ்சுபோச்சு. அப்படியே கண்ணாடி மேல வைங்க.”

அப்படியே வைத்ததில் படத்தின்மேல் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல வளையம் வளையமாக விழுந்தது. பிலிம் கண்ணாடியில் ஒட்டக் கூடாது. விஜிலா மேஜைமேல் கிடந்த தடித்த அட்டையை நான்கு கீற்றாக நறுக்கி, பிலிமின் விளிம்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். வளையம் மறைந்தது; படம் மங்கியது. அட்டையைப் பிரித்து மெலிதாக்கினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் மெலிதாக்கினாள். சத்தியராஜ் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டீ ஆறிப்போனது. கடைசியில் மணக்கோலத்தில் அவள் தலையில் வைத்திருந்த முல்லையில் மொட்டு எது, மலர்ந்தது எது என்று தெரியும்படி படம் வந்தது.

“கட்டிக் குடுங்க தம்பி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஏஞ்சலின் நெகட்டிவை வைத்தாள். தூரிகையால் தூசி தட்டி, தடித்த வேதப்புத்தகத்துக்குள் இரண்டு நாள் வைத்துச் சுருளை எடுத்திருந்தாள். படம் வந்தது. ஆனால் கோயில் வளைவில் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. பிலிமைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினாள்.

செல்வின் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் எடுத்த படத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விஜிலாவுக்கு அது தெரியும். அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“மாப்பிள கோட்டு தோள்ல தொங்குது, இரவல் போல. பொண்ணு சிரிக்காம விறைச்சிப்போயி நிக்கா. பின்னால ஒரு ஆளு குடை பிடிச்சிருக்கான்.”

செல்வின் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு அவர், “அன்னைக்கு மழை தூறிச்சி. லென்ஸ் நனையக் கூடாதுன்னு எனக்குக் குடை பிடிக்கச் சொன்னேன், கோட்டிக்காரப் பய அவங்க பின்னால போயி நின்னுட்டான்” என்றார். சிரித்தார். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஏஞ்சலின் வந்தாள். பிரின்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ரெனிஷின் முகத்தைத் தொடாமல் அதைச் சுற்றி விரலை ஓட்டியவள், அவன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வந்து விரலை நிறுத்தினாள்.

“நானாக்கா இது? சின்னப் பிள்ளையால்லா இருக்கேன்” என்று சொல்லி அழுதாள்.

அவள் போய் ஊரில் சொன்னாள். புன்னைக்காயலிலிருந்து வந்தார்கள், பழையகாயலிலிருந்து வந்தார்கள். எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சில டின்களில் பூஞ்சை முகத்தையே தின்றிருந்தது. அப்படிப்பட்டதையும் விஜிலா ஸ்கேன் செய்தே வைத்தாள். கை மட்டும் மிஞ்சியிருந்தாலும் கையாவது இருக்கட்டும் என்றாள். இப்போது ஞாயிறு மதியம் வாசலில் ஆள் வந்தால் செல்வின்தான் முதலில் குரல் கொடுக்கிறார்.

“எந்த ஊரு? எந்த வருஷம்? உள்ள வாங்க, விஜிலா பாத்துக்கிட்டிருக்கா.”

வரிசையில் கடைசியான மணப்பாடு டின்களை அவள் இன்னும் திறக்கவே இல்லை.