அறுபத்தொரு டிகிரி காற்று

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ப்ளவுஸ் பிட் விற்கும் மல்லிகா, புழுக்கம் தாங்காமல் இரண்டாம் முறை மயங்கி விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. சென்சார் அளக்கும் சூட்டை 3டி படமாக்குவது என் வேலை; சூடு சிவப்பு, குளுமை நீலம்.

"புதுசா ஒரே ஒரு ஏசிதான் வாங்கியிருக்கு, தம்பி. படத்துல எங்க செவப்போ அங்க மாட்டிருவோம்" என்றார் முதலாளி அண்ணாச்சி.

சென்சார்களைச் சீரான இடைவெளியில் வைக்கச் சொல்லியிருந்தேன். எலெக்ட்ரீஷியனோ பிளக் பாயிண்ட் இருந்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டார். பாதி கல்லாவைச் சுற்றி. ஒன்று சாமி விளக்குக்கு மேலே, 38 டிகிரி. ஒரு முழம் தள்ளி, பழைய ஏசிக்குக் கீழே இன்னொன்று, 19. மல்லிகா நிற்கும் மூலையில் பிளக் இல்லை, சென்சாரும் இல்லை.

புள்ளி இல்லாத இடத்தை சாஃப்ட்வேர் சும்மா விடாது. பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பும். அதுதான் இன்டர்பொலேஷன். நான் போட்ட ஸ்ப்ளைன் என்ற கணக்குமுறை, அந்த ஒரு முழத்து ஏற்றத்தை அப்படியே நீட்டிக்கொண்டு போய், கட்டடத்தின் நடுவே 61 டிகிரி என்று சிவப்பாகக் காட்டியது. அங்கே தரையே கிடையாது. மாடிகளுக்கு நடுவே திறந்த வெளி.

"அறுவத்தொண்ணா! பட்டெல்லாம் கருகிராது? சங்கிலி போட்டு ஏசியத் தொங்க விடுங்க."

"அண்ணாச்சி, அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் காத்து."

"அந்தக் காத்துதான தம்பி சூடா இருக்கு?"

மல்லிகா திரையை எட்டிப் பார்த்தாள். அவள் மூலை இளநீலமாக, 24 டிகிரியில் இருந்தது.

"படத்துல நான் குளுகுளுன்னு கீறேன் சார். உள்ள போயி நின்னுக்கட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னொரு முறை விழுந்தால் மண்டை உடையும். சங்கிலி வருவதற்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து அவள் மூலையில் ஒரு சென்சார் வைத்தேன். இன்னொன்றைக் கயிற்றில் கட்டி நடுவெளியில் தொங்கவிட்டேன். மூலை 37. நடுவெளி 27. படத்தில் சிவப்பு மல்லிகாவிடம் போய்விட்டது.

அண்ணாச்சி பூரித்துப் போனார். "பாத்தீங்களா! ஏசி வருதுன்னதும் சூடு பயந்து மூலைல போயி ஒளிஞ்சிட்டு. விடாதீங்க, அங்கயே மாட்டுங்க!"

நான் ஏணியை எடுத்துக் கொடுத்தேன். காரியம் பெரிதா, வீரியம் பெரிதா?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். படத்தில் ஓர் இடம் குளுமையாகத் தெரிந்தால், அங்கே புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போய் நின்று பாருங்கள். வேர்க்கும்.

அடுத்த வாரம் போனபோது மல்லிகா காதில் துப்பட்டா சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இப்பதான் சார் அந்தப் படத்துல இருந்த மாறியே கீறேன்."