எலுமிச்சைத் தோல்

காலையில் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மீனவர் குடும்பத்துச் சிறுமி அவளைப் பார்த்துச் சிரித்தாள். என் மகளோ இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐய, மீனு!" என்றாள். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிறுமி தன் உள்ளங்கையை மெல்ல முகர்ந்து பார்த்தாள்.

சின்ன வயதில் நானும் அப்படித்தான் முகர்ந்து பார்ப்பேன். கிளிஞ்சல்மேட்டில் என் அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்துவிட்டு வந்து, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எனக்குச் சடை பின்னுவார். உப்பில் வெடித்த விரல்களில் சாறு பட்டு எரியும். பல்லைக் கடித்துக்கொள்வார்.

சாயங்காலம் கேட்பார்: "இன்னிக்கு யாரும் மூக்கப் பொத்துனாங்களா, பாப்பா?"

"இல்லம்மா."

காற்று வரட்டும் என்று டீச்சர் என்னை ஜன்னலோரம் மாற்றியதை நான் சொல்லவேயில்லை.

வாங்க போங்க என்று பேச, நன்றி சொல்ல, மன்னிப்புக் கேட்க, கை கழுவ என்று மகளுக்கு வரிசையாக எல்லாம் பழக்கியிருக்கிறேன். இதை மட்டும் எப்படி விட்டேன்?

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்று டிரைவரிடம் சொல்லி வேனில் ஏறினேன். அந்தச் சிறுமியின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

என் மகள் அக்கறையாகச் சொன்னாள்: "அம்மா, மறக்காம மூஞ்சியக் கழுவிடுங்க."